ஒல்லாந்தன் முகத்தில் லூயிஸ்

1. "ஓம்" என்று சொன்ன நாள்

போர்ட் எழுதுகிறவனிடம் "உங்களுக்கு வரையத் தெரியுமா?" என்று யாரும் கேட்பதில்லை. எழுத்துத் தெரிந்தவனுக்குப் படமும் தெரியும் என்று சனங்களுக்கு ஓர் எண்ணம். அந்த எண்ணத்தைக் கெடுக்காமல் நானும் தொழிலை ஓட்டிவிட்டேன். மட்டக்களப்பு நகரில் பேக்கரி, பாமசி, சலூன், டியூட்டரி, பஸ்ஸின் பின்பக்கம் என்று என் எழுத்து ஏறாத இடம் குறைவு. எல்லாவற்றின் மேலும் இன்று வேறு யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள். புது முதலாளி வந்தால் பழைய போர்ட் அழியும், அதுதான் எங்கள் தொழிலின் விதி. பிறகு டிஜிட்டல் பிரின்ட் வந்தது. அழிப்பதற்குக்கூட என்னைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று.

இதில் பெரிய பகிடி, டவுனில் டிஜிட்டல் பிரின்ட் கடை போட்டவன் என் மனைவி சுகுணாவின் தம்பி கஜன். நல்ல பொடியன், என்னில் மரியாதை உள்ளவன். "அத்தான், கடையில வந்து சும்மா இரிங்க. டிசைன் பாத்துச் சொன்னாக் காணும்" என்று காணும்போதெல்லாம் கூப்பிடுவான். தொழில் தெரிந்தவனைச் சும்மா இருக்கச் சொல்லிக் கூப்பிடுவது எப்படியான மரியாதை என்று அவனுக்கு நான் விளங்கப்படுத்தவில்லை.

அப்படியிருக்கும்போதுதான், சுவிஸில் இருந்து திரும்பி வாவிக்கரையில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த முதலாளி ஒருவர் கல்லடியில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கையில் ஒரு ஏ4 தாள். பழைய காலத்து கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம் ஒன்றை இன்டர்நெட்டில் எடுத்துப் பிரின்ட் போட்டிருந்தார். ஒல்லாந்தக் கப்பல் தலைவன் ஒருவன் கண்டி ராசாவைச் சந்திக்கிறான். ராசாவுக்குப் பின்னால் குடை, ஒல்லாந்தனுக்குப் பின்னால் மூன்று பட்டிக் கொடி.

"நம்மட மட்டக்களப்பில வந்திறங்கி, மறுகாத்தான் கண்டிக்குப் போனவங்கள்" என்றார் முதலாளி. "திறப்பு விழாவுக்கு ஒல்லாந்துல இருந்து ஒரு கூட்டம் வருது. லொபியில இது ஆறடிக்கு ஒயில் பெயின்டிங்கா நிக்கணும். பின்னால மலைய எடுத்திட்டு எங்கட வாவியையும் ஒரு கப்பலையும் போடுங்க."

கண்டி ராசாவை மட்டக்களப்புக்கு இறக்க அவருக்கு ஒரு வசனம் போதுமாக இருந்தது.

"ஒயில் பெயின்ட் செய்வீங்கதானே?"

"ஓம்" என்றேன். எனாமலைத் தவிர வேறு எதையும் அதுவரை நான் தொட்டதில்லை.

முதலாளி படலையைத் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு சுகுணா வெளியே வந்தாள். "இஞ்ச பாருங்க. நீங்க கையால வரைஞ்ச படம் அந்த ஹோட்டல் சுவரில ஏறினா நீங்க ஓவியர், நான் வாயே திறக்க மாட்டன். ஏறாட்டி அடுத்த திங்கக்கிழமையே தம்பிட கடையில போய் இரிக்கணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். ஒரே காலையில் இரண்டு ஓம்.

2. கட்டம்

சின்னப் படத்தைப் பெரிதாக்க எங்களுக்கு ஒரு வழிதான் தெரியும். தாளில் பென்சிலால் கட்டம் போடுவது, பெரிய பரப்பில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம் போடுவது, பிறகு கட்டம் கட்டமாக மாற்றுவது. இந்த வேலையில் மூளைக்கு இடமில்லை. ஒரு கட்டத்துக்குள் காலா, குடைக் கம்பா என்று பார்க்கத் தேவையில்லை, கோடு எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்தால் போதும். கென்வஸ் துணியைச் சட்டத்தில் இழுத்து அடித்து, வெள்ளைப் பூச்சுக் கொடுத்து, கட்டம் போட்டேன். இரண்டாம் நாள் ராசாவும் ஒல்லாந்தனும் குடையும் கொடியும் அப்படியே வந்து நின்றார்கள். ஒயில் பெயின்ட் என்றால் இவ்வளவுதானா என்று எனக்கே கொஞ்சம் கர்வம் வந்தது.

மூலப் படம் கறுப்பு வெள்ளை என்றபடியால் நிறமெல்லாம் என் பொறுப்பு. எனக்குத் தெரிந்த நிறங்கள் கடை நிறங்கள். ஒல்லாந்தனின் மேலங்கிக்குத் தபால் கந்தோர்ச் சிவப்பு. வானத்துக்குக் கூட்டுறவுக் கடை நீலம். ராசாவின் சால்வைக்குக் கோயில் மதிலில் அடிக்கும் காவி. போர்ட் எழுத்துக்குக் கறுப்பில் அவுட்லைன் இழுத்துப் பழகின கை, அதனால் ராசாவுக்கும் அவுட்லைன், குடைக்கும் அவுட்லைன். தூர நின்று பார்த்தால் ராசா பாமசி விளம்பரத்தில் நிற்பதுபோல் இருந்தார்.

எனாமல் என்றால் காலையில் அடித்துப் பின்னேரம் மேலே எழுதலாம். அந்த நினைப்பில் நீல வானத்துக்கு மேல் அதே பின்னேரம் சிவப்புத் தொப்பியை வைத்தேன். தொப்பி கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. அதைத் திருத்த வெள்ளை வைத்தேன், சேறு ஆனது. சேற்றைத் துடைத்தேன், ஒல்லாந்தனுக்குத் தலையே இல்லாமல் போயிற்று. ஒயில் பெயின்ட் காயாது என்ற உண்மையை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அதுவும் மாரி மழைக்குள், வாவிக் காற்றுக்குள், அது காய்கிற எண்ணத்திலேயே இல்லை. ஃபேன் போட்டேன். தின்னரைக் கூட்டினேன், நிறம் கண்ணீர்போல் வழிந்தது. வெயில் எட்டிப் பார்த்த நேரம் முற்றத்தில் வைத்தேன், கடற்கரை மண் பறந்து வந்து ராசாவின் காலில் ஒட்டியது.

ஒரு மழை ஓய்ந்த பொழுதில் ஈசல் கிளம்பியது. லைட் எரிந்த இடம் என் கென்வஸ்தான். எல்லாம் போய் வானத்தில் ஒட்டிக்கொண்டன. ட்வீசரால் பிடுங்கியும் சிலதை எடுக்க முடியவில்லை. கடைசியில் அலுத்துப்போய் அவற்றின் மேலேயே பிரஷால் இரண்டு இழுப்பு இழுத்துத் தூரத்துப் பறவைகள் ஆக்கிவிட்டேன். ஒயில் பெயின்டில் நானாக யோசித்துச் செய்த முதல் வேலை அது. முதலாளி பின்னர் வந்து பார்த்தபோது அந்தப் பறவைகளைத்தான் முதலில் புகழ்ந்தார்.

3. மலர்வும் உதிர்வும்

உடுப்பு வந்தது, குடை வந்தது, கப்பல் வந்தது. முகம் வரவில்லை. தாளில் ராசாவின் முகம் ஒரு பயற்றங்கொட்டை அளவு. அதற்குள் மூன்று கோடும் இரண்டு புள்ளியும். கட்டம் போட்டுப் பெருப்பித்தால் பெரிய மூன்று கோடும் பெரிய இரண்டு புள்ளியும் கிடைக்கும், வேறொன்றும் கிடைக்காது.

என் தொழிலில் நான் வரைந்த முகங்கள் ஒரே வகை. செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு வைக்கும் நினைவு போர்ட்டில் வரும் முகங்கள். நேரே பார்க்கும், இலேசாகச் சிரிக்கும், ஒருவரிலும் கோபம் இருக்காது. அந்தக் கைதான் இங்கேயும் வேலை செய்தது. வேலை முடித்துவிட்டு சுகுணாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கன நேரம் பார்த்தாள்.

"என்னங்க, எல்லாரும் செத்தாக்கள் மாதிரி நிக்கிறாங்க? கீழ மலர்வு, உதிர்வு எண்டு திகதியும் எழுதிவிட்டா வேலை முடிஞ்சுது."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அதனால் ஆத்திரம் இன்னும் கூடியது.

அந்த நேரம் பார்த்துச் சட்டத்துக்கு அளவெடுக்க லூயிஸ் வந்து நின்றான். லூயிஸ் டவுனில் இருக்கும் பறங்கியன், அந்தக் காலத்தில் கப்பலில் வந்த வெள்ளைக்காரரின் வழிவந்தவன், தொழில் தச்சு வேலை. என் போர்டுகளுக்கெல்லாம் சட்டம் அடித்தவன். நாங்கள் இரண்டு பேரும் இளந்தாரிக் காலம் தொட்டு மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்கிறவர்கள். பூனைக் கண், கூர் மூக்கு, வெயிலில் காய்ந்து செம்பு நிறமான முகம். கதவடியில் வெளிச்சம் ஒரு பக்கம் விழ, அளவு நாடாவை இழுத்துப் பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கினான். நான் தேடித் திரிந்த ஆள் அளவு நாடாவோடு என் வீட்டு வாசலில் நிற்கிறான்.

"மச்சான், அசையாத! அப்படியே நில்லு!"

"என்னடா, பாம்பா?"

"பாம்பில்ல. உன்ட முகத்த எடுக்கப் போறன். படத்துக்கு ஒரு ஆள் வேணும்."

லூயிஸுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "முதல்லயே சொல்லியிரிந்தா சவரம் செஞ்சு வந்திரிப்பனே" என்று சட்டைக் கொலரை இழுத்துவிட்டான். எந்த ஆள் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மழை விட்ட நேரங்களில் வந்து வந்து நின்றான். கால் வலிக்குது, குடிக்கப் பிளேன்டி எங்கே, மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் போடு என்று ஓயாமல் கதைத்துக்கொண்டு நின்றான். கதைக்கிற முகத்தைத்தான் வரைந்தேன். அவுட்லைன் இழுக்கவில்லை. ஒரு நிறத்தை அடுத்த நிறத்துக்குள் ஈரத்தோடு இழுத்துவிட்டால் கன்னம் தானாக உருளும் என்பதை அந்த நாட்களில்தான் கண்டுபிடித்தேன். இவ்வளவு நாளும் திட்டித் தீர்த்தேனே, காயாத பெயின்ட் என்று, அது காயாமல் இருந்தது இதற்குத்தான்.

சும்மா சொல்லக்கூடாது, முகம் முடிந்த அன்று பிரஷைக் கழுவாமலே அதற்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துவிட்டேன். ஆறடிப் படத்தில் மற்றதெல்லாம் கட்டம் போட்டது. அந்த முகம் மட்டும் நான் வரைந்தது.

4. சட்டம் திரும்பிப் போனது

லூயிஸ் தேக்கில் சட்டம் செய்து, மூலையில் பூ வேலையெல்லாம் போட்டு, ஓட்டோவில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினான். படத்தைப் பார்த்தான். வாய் பிளந்து நின்றான்.

"சேசுவே! டேய், நான்டா! மூச்சு விடுறன்டா!" கிட்டப் போய்ப் பார்த்தான், தள்ளி நின்று பார்த்தான். பிறகு கேட்டான்: "சரி, நான் ஆர் இதில?"

"கப்பல் தலைவன்."

"அது தெரியுது. எந்த ஊர்க் கப்பல்?"

"ஒல்லாந்துக் கப்பல்."

லூயிஸின் முகம் மாறியதை வரைய என்னால் முடியாது. "ஒல்லாந்தனா? என்னையா? டேய், இந்தா நிக்குதே மட்டக்களப்புக் கோட்டை, அத ஒல்லாந்தன் ஆரிட்ட இருந்து புடிச்சவன்?"

"ஆரிட்ட இருந்து?"

"எங்களிட்ட இருந்து! நாங்க போர்த்துக்கீசர். அடிச்சுத் துரத்தினவன்ட உடுப்பப் போட்டு, அவன்ட கொடிக்கு முன்னால என்ட முகத்த வைச்சிரிக்கா. எங்கட சேர்ச்சில எனக்கு முகம் காட்டேலுமா?"

"மச்சான், அது நடந்து நானூறு வருசம் ஆகப்போகுது..."

"எனக்கு ஆகல்ல. முகத்த எடு. எடுக்கிற வரைக்கும் சட்டம் இல்ல." இறக்கிய சட்டத்தைத் திரும்ப ஓட்டோவில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டான். திறப்பு விழாவுக்கு ஒரு கிழமைதான் இருந்தது.

தட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றேன். ஈரம்தான், ஒரு வழிப்பில் முகம் போய்விடும். கை போகவில்லை. சுகுணா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த முகத்தச் சுரண்டினா ஹோட்டலுக்குப் போகத் தேவையில்ல. நேர தம்பிட கடைக்கே போகலாம்" என்றாள். அவள் என் பக்கம் கதைத்த ஒரே சந்தர்ப்பம் அதுதான் என்பதால் கத்தியைக் கீழே வைத்தேன்.

லூயிஸின் வீட்டுக்குப் போனேன். பட்டறையில் சீவுளி போட்டுக்கொண்டிருந்தான், பலகையில் என் பெயர் எழுதியிருந்ததுபோல அவ்வளவு வேகம். என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. முகம் போகுமட்டும் கதையில்லை என்றான், முகம் போனால் நான் இல்லை என்றேன். கடைசியில் அவனுடைய மனைவி மேரிதான் தேத்தண்ணியோடு வந்து எங்கள் சமாதானத்தைப் பேசி முடித்தாள்.

"முகத்த என்னத்துக்குச் சுரண்டுறீங்க? செத்துப் போன இவர்ட அப்பாட முகமும் அதேதான், இவர் போனில எடுத்து வந்த போட்டோவப் பாத்து நான் அழுதிட்டன். பின்னால இரிக்கிற கொடிய மாத்துங்க. கொடி போர்த்துக்கீசக் கொடியெண்டா ஆள் போர்த்துக்கீசன்தானே?"

லூயிஸ் சீவுளியை நிறுத்தினான். யோசித்தான். "தொப்பியில ஒரு இறகும் வை" என்றான்.

மூன்று பட்டிக் கொடியை வழித்தெடுத்து, வெள்ளைக் கொடியில் கேடயம் போட்டேன். அடியில் மிச்சமிருந்த நீலம் கலந்து வெள்ளை சாம்பல் நிறமானது. கடற்காற்றில் அடிபட்ட கொடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். லூயிஸ் வந்து பார்த்துவிட்டுச் சட்டத்தைத் திரும்ப இறக்கினான்.

5. முதலாளியின் விரல்

திறப்பு விழாவுக்கு முதல் நாளுக்கு முதல் நாள் முதலாளி வந்தார். பறவைகளைப் புகழ்ந்தார். பிறகு விரலால் வானத்தைத் தொட்டார். விரல் நீலமானது.

"என்ன இது, காயவே இல்ல?"

"ஒயில் பெயின்ட் அப்படித்தான். மாசக் கணக்கு எடுக்கும்."

"வெள்ளைக்காரன் பக்கத்தில நிண்டு போட்டோ எடுப்பான். அவன்ட சேட்டில வானம் ஒட்டினா ஆர் பதில் சொல்றது?" விரலை என் துணியில் துடைத்துக்கொண்டே தாளை எடுத்துப் பார்த்தார். "கொடியும் வேற. தாளில மூண்டு பட்டி இரிக்கே."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனை எடுத்து கஜனைக் கூப்பிட்டுவிட்டார். கஜன் கெமராவோடு வந்தான். என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு படத்தை எடுத்தான்.

"கென்வஸ் துணியிலேயே அடிக்கலாம் ஐயா. கையால வரைஞ்ச மாதிரியே இரிக்கும். கொடிய கொம்பியூட்டர்ல ஒரு நிமிசத்தில மாத்திரலாம்."

நான் இரண்டு நாள் வழித்துப் போட்ட கொடி. ஒரு நிமிசமாம்!

லூயிஸின் தேக்குச் சட்டத்துக்குள் கஜனின் பிரின்ட் ஹோட்டல் லொபியில் ஏறியது. ஒல்லாந்துக் கூட்டம் வந்து பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தது. யாருடைய சேட்டிலும் வானம் ஒட்டவில்லை. பிரின்டில் திரும்ப ஒல்லாந்துக் கொடி ஏறிய விசயத்தை லூயிஸிடம் சொன்னபோது அவன் அசையவில்லை. "அது உன்ட மச்சினன்ட பேப்பர். பேப்பரில ஆர வேணுமெண்டாலும் ஆராவும் ஆக்கலாம். உண்மைப் படம் எங்க?"

உண்மைப் படம் எங்கள் நடுவறையில் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. லூயிஸ் அதை லேண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் நிமிர்த்தி வைத்து, பின்னால் நின்று பிடித்துக்கொண்டு கல்லடிப் பாலத்தால் கொண்டுபோனான். எதிரே வந்தவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு லூயிஸைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் சுகுணா என் சட்டையை ஸ்திரிக்கை போட்டுக் கதிரையில் வைத்திருந்தாள். போட்டுக்கொண்டு கஜனின் கடைக்குப் போனேன். கொம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினான். முதல் வேலை என்ன தெரியுமா? ஹோட்டலில் விற்பதற்குக் கோப்பைகளில் படம் அடிக்க ஓடர் வந்திருந்தது. என் படத்தைக் கோப்பையின் அளவுக்கு வெட்ட வேண்டும். ராசாவின் குடை வெளியே நின்றது. வெட்டினேன். அன்று எனக்கு வந்த கவலை மாதிரி ஒரு கவலை பிறகு வரவில்லை.

6. இன்னொரு ஒல்லாந்தன்

லூயிஸின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. வீட்டு ஹோலில் படம். வந்த பறங்கிச் சனமெல்லாம் அதற்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்தது. லூயிஸ் குடித்துவிட்டு, ஹோட்டலில் ஒல்லாந்தனாக நிற்பதும் தான்தான், கோப்பையில் ஒல்லாந்தனாக விற்கப்படுவதும் தான்தான் என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். கதை டவுன் முழுக்கப் பரவியது.

அடுத்த கிழமை கஜனின் கடைக்குள் ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நுழைந்தார். வெளுத்த மீசை, இஸ்திரி குலையாத காற்சட்டை. கந்தோர் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், டவுனில் மிச்சமிருக்கும் ஒல்லாந்தப் பறங்கிக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர்.

"இந்தப் படத்த வரைஞ்சது ஆர்?" கையில் ஹோட்டலில் வாங்கிய கோப்பை.

"நான்தான் ஐயா" என்றேன், கொம்பியூட்டருக்குப் பின்னால் இருந்து.

"எங்கட கப்பல் தலைவனுக்கு ஒரு தச்சன்ட முகம் போட்டிரிக்கீங்க. அதுவும் ஒரு போர்த்துக்கீசத் தச்சன்! எங்கட ஆக்களுக்கு இதவிட அவமானம் என்ன இரிக்கு? ஹோட்டல் முதலாளியோட கதைச்சிட்டன். பிரின்ட கழட்டச் சொல்லிட்டன். ஒழுங்கான படம் ஒண்டு வேணும். கையால வரைஞ்சது, கொம்பியூட்டர் இல்ல."

"முகத்துக்கு ஆர் ஐயா நிப்பாங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி, வெளிச்சம் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பினார். "நான் நிக்கிறன்."

கஜன் என்னைப் பார்த்தான், நான் கஜனைப் பார்த்தேன். "போயிட்டு வாங்க அத்தான், கடைய நான் பாக்கிறன்" என்றான். நல்ல பொடியன் என்று சொன்னேன் அல்லவா.

இம்முறை மழைக்காலத்தில் தொடங்கவில்லை. கோடை முழுக்கக் காயவிட்டு, விரலால் தொட்டு, பிறகும் காயவிட்டேன். லூயிஸ் செய்த அதே சட்டத்துக்குள் அது ஏறியது. ஹோட்டல் சுவரில், கையால் வரைந்தது, மூலையில் என் பெயர். ஒல்லாந்தப் பெரியவர் தன் முகத்துக்கு முன்னால் ஒரு பிளேன்டி குடித்து முடிக்கும்வரை நின்றார். சுகுணாவும் வந்தாள். நல்ல சீலை உடுத்திருந்தாள்.

"ஏறிட்டுது" என்றாள். அவ்வளவுதான். திங்கட்கிழமைக்கு அவள் சட்டை ஸ்திரிக்கை போடவில்லை.

சட்டம் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கும் சாட்டில் லூயிஸும் வந்தான். தூர நின்று பார்த்தான், கிட்டப் போய்ப் பார்த்தான். முகம் நிறையச் சிரிப்பு.

"இப்பதான்டா சரி" என்றான். "கோட்டை புடிச்ச கள்ளன்ட முகம் அச்சடிச்ச மாதிரி இரிக்கு."

பெரியவருக்கும் திருப்தி, லூயிஸுக்கும் திருப்தி. அதன் பிறகு எனக்கு ஓடருக்குக் குறைவில்லை. போன மாதம் கிரானில் இருந்து நிறைய வயல் உள்ள ஒரு போடியார், தன் வட்டையில் அறுவடை முடிந்த கையோடு வந்து, தன்னைக் கண்டி ராசாவாகப் போடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

ஒயில் பெயின்ட் பழக வருகிற பிள்ளைகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய படம் ஒன்றை எடுத்துக் கட்டம் போட்டுப் பிரதி பண்ணுங்கள். உடுப்பும் குடையும் கப்பலும் கையில் படியும். பெயின்ட் காயவில்லை என்று சண்டை பிடிக்காதீர்கள், அந்த ஈரத்தில்தான் கன்னம் உருளும். முகத்துக்கு மட்டும் கட்டத்தை நம்ப வேண்டாம், உயிரோடு இருக்கிற ஆள் ஒருவரைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் நிற்க வையுங்கள். பிரஷைத் தொடுவதற்கு முன், அவருடைய ஆட்கள் எந்தக் கப்பலில் வந்தவர்கள் என்று கேட்டுவிடுங்கள்.